பிரிபடாத பங்கு: அரியக்குடி வீட்டில் படிக்க வேண்டிய சொத்துச் சட்டம்

சட்டக் கல்லூரியில் சொத்துச் சட்டம் பெரும்பாலும் கிரயத்தில் தொடங்குகிறது. விற்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர், நடுவே ஒரு விலை, கடைசியில் ஒரு பத்திரம். மனைப்பிரிவு போட்டு விற்கும் ஊர்களுக்கு அந்த வரிசை பொருந்தும். செட்டிநாட்டுக்குப் பொருந்தாது. இங்கே ஒரு கிரயப் பத்திரம்கூட எழுதப்படாமல், நூறு வருஷத்தில் நான்கு தலைமுறை உரிமையாளர்கள் மாறிவிட்ட வீடுகள் தெருத்தெருவாக நிற்கின்றன. காரைக்குடியை ஒட்டிய அரியக்குடியைச் சங்கீதம் தெரிந்தவர்கள் ராமானுஜ ஐயங்காரின் ஊர் என்பார்கள். பெருமாள் பக்தர்கள் திருவேங்கடமுடையானின் ஊர் என்பார்கள். பாகப்பிரிவினை வழக்கு நடத்தும் வக்கீலுக்கோ அது பங்காளிகளின் ஊர். காரைக்குடியிலேயே இப்போது அரசு சட்டக் கல்லூரி இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர் அசையாச் சொத்துச் சட்டத்தின் அடிப்படை விதிகளைக் கற்க வேறெங்கும் போக வேண்டாம். ஒரு நகரத்தார் வீட்டின் முகப்பில் தொடங்கி இரண்டாங்கட்டு வரை நடந்தால் பாடம் முடிந்துவிடும்.

வீட்டின் அமைப்பிலேயே சட்டச் சிக்கல் இருக்கிறது. நடுமுற்றமான வளவைச் சுற்றி இரட்டை இரட்டையாக அறைகள். மகனுக்குக் கல்யாணமானதும் வேறு வைப்பார்கள். அவனுக்கென்று ஓர் அறை, தனி அடுப்பு, தனிக் கணக்கு. சமையலும் வரவுசெலவும் பிரிந்துவிடும், வீடு பிரியாது. முகப்பும் பட்டாலையும் வளவும் எல்லோருக்கும் பொது. இன்றைக்கும் கல்யாணம், சாந்தி, படைப்பு என்றால் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்து அவரவர் அறையின் பூட்டைத் திறக்கிறார்கள். "இது எங்க ஐயா வீடு" என்று ஒருவர் காட்டும் அறை சட்டப்படி அவருடையதா? இல்லை. அந்த அறை அவருடைய அனுபவத்தில் இருக்கிறது, அவ்வளவுதான். பிரிபடாத சொத்தில் ஒவ்வொரு பங்குதாரரும் ஒவ்வோர் அங்குலத்துக்கும் சேர்ந்தே சொந்தக்காரர். பன்னிரண்டில் ஒரு பங்கு உள்ளவர் பன்னிரண்டு அறையில் ஓர் அறைக்குச் சொந்தக்காரர் ஆகமாட்டார். பன்னிரண்டு அறையிலும் பன்னிரண்டில் ஒரு பங்குக்குத்தான் சொந்தக்காரர். இந்த ஒரு விதி மனத்தில் படிந்தால் மற்ற விதிகள் தாமாக வந்து சேரும். படியாததால் காரைக்குடி நீதிமன்றங்களில் வழக்குகள் வந்து சேருகின்றன.

முதலில் வீடு என்பது எது வரை என்று பார்த்துவிடலாம். நிலமும், நிலத்தோடு பொருந்தியவையும், அப்படிப் பொருந்தியதோடு நிலையாகப் பிணைக்கப்பட்டவையும் அசையாச் சொத்து என்கிறது 1897ஆம் வருஷத்துப் பொதுச் சரத்துகள் சட்டம். 1882ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 8ஆம் பிரிவு இன்னும் நெருங்கி வந்து, வீட்டை மாற்றித் தந்தால் அதன் பூட்டு, சாவி, தாழ்ப்பாள், கதவு, ஜன்னல் எல்லாம் சேர்ந்தே போகும் என்று பெயர் சொல்லி எழுதுகிறது. செட்டிநாட்டு நிலைக்கதவைப் பார்த்தவருக்கு இந்தப் பிரிவின் எடை தெரியும். கதவும் பர்மாத் தேக்குத் தூணும் நிலத்தைவிட விலை பெறும் ஊரில், வீட்டை இடித்துச் சாமானாக விற்கும் வியாபாரம் பல வருஷமாக நடக்கிறது. தூண் நிற்கும்வரை அசையாச் சொத்து. கழற்றி வண்டியில் ஏற்றிய பிறகு அசையும் சொத்து. அதற்குப் பத்திரமும் வேண்டாம், பதிவும் வேண்டாம். ஆனால் கழற்றும் உரிமை யாருக்கு என்ற கேள்விக்கு விடை முதல் விதியிலேயே இருக்கிறது. தூணிலும் எல்லோருக்கும் பங்கு உண்டு. ஒரு பங்குதாரர் மற்றவர்களைக் கேட்காமல் பொதுச் சொத்தை அழித்தால், மற்றவர்கள் தடையுத்தரவு கேட்கலாம், விற்றதற்குக் கணக்கும் கேட்கலாம். தடையுத்தரவு தூண் இறங்குவதற்கு முன்னால் வர வேண்டும் என்பதுதான் நடைமுறைச் சங்கடம். இறங்கிய தூணைத் தேடிக்கொண்டு கொச்சியின் பழம்பொருள் கடைகள் வரை போவது யார்?

வீடு நிற்கும் மண்ணின் கதை தனி. இந்த வட்டாரம் சிவகங்கை ஜமீனுக்குள் இருந்தது. 1803இல் ஆங்கிலேயர் நிரந்தர செட்டில்மெண்டு செய்து கௌரி வல்லபத் தேவரிடம் ஜமீனைக் கொடுத்தார்கள். அவர் 1829இல் ஆண் வாரிசு இல்லாமல் இறந்தார். அவருடைய அண்ணன் வழிக்கும் மனைவியர், மகள்கள் வழிக்கும் இடையே மூண்ட வழக்கு லண்டனில் 1863இல்தான் முடிந்தது. மகள் காத்தம நாச்சியாருக்குச் சாதகமாகப் பிரிவி கவுன்சில் சொன்ன தீர்ப்பு இன்றும் பாடப்புத்தகத்தில் சிவகங்கை வழக்கு என்ற பெயரிலேயே இருக்கிறது. ஒருவர் கூட்டுக் குடும்பத்தில் இருந்தாலும், அவருடைய சுயார்ஜிதம் சுயார்ஜிதம்தான். அது எஞ்சியிருக்கும் ஆண்களுக்குப் போகாமல் அவருடைய சொந்த வாரிசுகளுக்கே போகும் என்றது கவுன்சில். கணவனின் சொத்துக்காக விதவை நடத்தும் வழக்கு நேர்மையாக நடந்திருந்தால், அதன் முடிவு பின்னால் வரும் வாரிசுகளையும் கட்டும் என்ற விதியும் இந்த வழக்கின் வழியாகத்தான் உறுதிப்பட்டது. சொந்த மண்ணில் பிறந்த வழக்கு இது. கல்கத்தா, அலகாபாத் தீர்ப்புகளை ஒப்பிக்கும் நம் மாணவர்கள் பலருக்கு இது தெரிவதில்லை என்பது எனக்கு எப்போதும் வியப்பு.

1948ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீன் நிலங்களை அரசுக்குக் கொண்டுபோனது. ஆனால் வீடுகள் போகவில்லை. 18ஆம் பிரிவின்படி எஸ்டேட்டுக்குள் இருந்த கட்டடம் அன்றைய சொந்தக்காரரிடமே நின்றது. அதோடு ஊர்க் குடியிருப்பாகிய கிராம நத்தம் அரசு நிலமல்ல, குடியிருப்பவருக்கு உரியது என்று சென்னை உயர் நீதிமன்றம் பல தீர்ப்புகளில் சொல்லியிருக்கிறது. அதனால்தான் தாய்ப்பத்திரமே இல்லாத பெரிய வீடுகள் செட்டிநாட்டில் உண்டு. பாட்டனார் நத்தத்தில் மனை போட்டுக் கட்டினார், பத்திரத்துக்கு அவசியம் வரவில்லை. பத்திரம் இல்லை என்பதால் உரிமை இல்லை என்று ஆகாது. இதற்கு மறுபக்கமும் உண்டு. பட்டா இருப்பதால் உரிமை வந்துவிடாது. பட்டா என்பது வரி வசூலுக்கான வருவாய்த்துறைப் பதிவு. அதில் ஒருவர் பெயர் மட்டும் ஏறியிருந்தால் மற்றப் பங்காளிகளின் பங்கு கரைந்துவிடாது. உச்ச நீதிமன்றம் இதைச் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஊரில் யாரும் நம்புவதாக இல்லை.

இனிக் கணக்கு. செட்டிநாட்டு வழக்குகளில் சட்டத்தைவிடக் கணக்குதான் பயமுறுத்தும். ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். பர்மாவில் சம்பாதித்து வீடு கட்டியவர் 1930இல் இறந்தார். மூன்று மகன்கள். அந்தக் காலத்துச் சட்டப்படி தந்தையிடமிருந்து வந்த வீடு மகன்கள் கையில் பிதிரார்ஜிதம். அவரவர் மகன்களுக்குப் பிறப்பிலேயே அதில் உரிமை உண்டு. கிளைக்கு மூன்றில் ஒன்று.

மூத்தவர் 1950இல் மனைவியையும் இரண்டு மகன்களையும் விட்டு இறக்கிறார். கிளையின் 1/3 பங்கில் அவரும் மகன்களும் ஆளுக்கு 1/9. பழைய சட்டமாக இருந்தால் அவருடைய 1/9 மகன்களுக்குப் போய், மனைவியாகிய ஆச்சிக்கு ஜீவனாம்சம் மட்டுமே கிடைத்திருக்கும். 1937இல் வந்த இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் கணவனின் பங்கை விதவைக்குக் கொடுத்தது. ஆனால் ஆயுள் வரை மட்டும். 1956இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு அந்த வரம்பை நீக்கி முழு உரிமையாக்கியது. ஆக ஆச்சிக்கு 1/9. அவருக்குப் பின் அது மகன்களுக்கும் மகள்களுக்கும் சமமாகப் போகும். "அம்மாவுக்கு ஏது பங்கு?" என்று கேட்டு இந்த 1/9 பங்கை விட்டுவிட்டு எழுதப்பட்ட பாகப்பிரிவினைப் பத்திரங்கள்தாம் பின்னால் பேத்திகள் கையில் வழக்காகின்றன.

இரண்டாமவர் 1970இல் மனைவி, ஒரு மகன், இரண்டு மகள்களை விட்டு இறக்கிறார். 1956ஆம் வருஷத்துச் சட்டத்தின் 6ஆம் பிரிவு இங்கே ஒரு கற்பனையைச் செய்கிறது. இறப்பதற்குச் சற்று முன் தந்தையும் மகனும் பிரித்துக்கொண்டதாக வைத்துக்கொள்; தந்தைக்கு விழும் பங்கை வாரிசுகளுக்குப் பகிர். தந்தைக்கு 1/6, மகனுக்கு 1/6. தந்தையின் 1/6 நான்கு பேருக்குச் சமமாகப் பிரிந்தால் தலைக்கு 1/24. முடிவில் மகனுக்கு 5/24; மனைவிக்கும் மகள்களுக்கும் ஆளுக்கு 1/24. இதோடு விட்டார்களா? 23ஆம் பிரிவு, குடும்பம் வசிக்கும் வீட்டில் ஆண் வாரிசுகள் பிரிக்க முன்வரும் வரை பெண் வாரிசு பாகம் கேட்க முடியாது என்றது. பங்கு உண்டு, கேட்கும் உரிமை கிடையாது.

மூன்றாமவர் மனைவிக்குப் பின் 2010இல் இறக்கிறார். ஒரு மகன், ஒரு மகள். மத்தியச் சட்டத் திருத்தத்தால் 9.9.2005 முதல் மகளும் பிறப்பால் கூட்டுப் பங்காளி. ஆளுக்கு 1/6. ஒரே வளவுக்குள், ஒன்றுவிட்ட சகோதரிகள் இருவரில் ஒருத்திக்கு 1/24, இன்னொருத்திக்கு 1/6. தந்தை இறந்த வருஷம்தான் வித்தியாசம்.

தமிழ்நாடு இதில் முந்திக்கொண்டது. 25.3.1989 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தம் அந்தத் தேதிக்கு முன் கல்யாணமாகாத மகள்களைக் கூட்டுப் பங்காளியாக்கியது. 2005ஆம் வருஷத்து மத்தியச் சட்டம் கல்யாண நிபந்தனையை நீக்கியது, 23ஆம் பிரிவையும் நீக்கியது. தமிழ்நாட்டிலிருந்து போன ஜி. சேகர் வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம், முன்பே தொடங்கிய வழக்கிலும் அந்தப் பழைய தடை இனிச் செல்லாது என்றது. பிறகு 11.8.2020 அன்று வந்த வினீதா சர்மா தீர்ப்பு, 2005இல் தந்தை உயிரோடிருந்திருக்க வேண்டியதில்லை, மகளின் உரிமை பிறப்பால் வருவது என்று முடித்தது. 6ஆம் பிரிவின் கற்பனைப் பிரிவினை உண்மையான பிரிவினை ஆகாது என்றும் சொன்னது. விளைவு, நம் இரண்டாம் கிளையின் 1970ஆம் வருஷத்துக் கணக்கு மூடிய கணக்கு அல்ல. 2005ஆம் வருஷத்துச் சட்டம் குறிக்கும் 20.12.2004க்கு முன் பதிவுப் பத்திரத்தாலோ தீர்ப்பாணையாலோ வீடு பிரிக்கப்படவில்லை என்றால், அந்த மகள்கள் 1/24 என்ற பின்னத்தை ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. செட்டிநாட்டில் பெரும்பாலான வீடுகள் அப்படிப் பிரிக்கப்படாதவை. வாய்மொழியாக எப்போதோ பிரித்துக்கொண்டோம் என்று சொல்லித் தப்ப முடியாது. அரிதாக, அரசு ஆவணங்கள் தெளிவாகத் துணைநின்றால்தான் அந்த வாதத்தைக் கேட்கலாம் என்கிறது அதே தீர்ப்பு.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பிறப்புரிமை எல்லாச் சொத்துக்கும் வராது. 1956க்குப் பின் தந்தையின் தனிச் சொத்து இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி மகனுக்கு வந்தால் அது மகனின் தனிச் சொத்து. பேரனுக்குப் பிறப்பால் பங்கில்லை. இதைச் சொன்ன முன்னோடித் தீர்ப்புகளில் ஒன்று சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வு 1978இல் பி.எல். கருப்பன் செட்டியார் வருமானவரி வழக்கில் தந்தது. உச்ச நீதிமன்றம் 1986இல் சந்தர் சென் வழக்கில் இதே வழியில் சென்றது. ஆகவே வீடு கட்டியவர் எப்போது இறந்தார் என்பது வழக்கின் முதல் கேள்வி. 1930இல் இறந்தவரின் வீடும் 1960இல் இறந்தவரின் வீடும் ஒரே தெருவில், ஒரே கொத்தனார் கட்டியதாக இருக்கலாம். சட்டத்தின் கண்ணுக்கு அவை இரண்டு வேறு பொருள்கள்.

செட்டியார்களின் சொத்து கடல் கடந்தும் இருந்ததால், இன்னொரு அடிப்படை விதியையும் அவர்கள் வாழ்க்கையே கற்றுத் தருகிறது. அசையாச் சொத்தை அது கிடக்கும் நாட்டின் சட்டமே ஆளும். பர்மாவில் 1930களின் மந்தத்தில் கடன் திரும்பாமல், கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. அடமானம் உரிமையாக மாறிய அந்த நிலத்தைச் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டத்தால் எடுத்துக்கொண்டபோது, காரைக்குடியில் பூட்டி வைத்திருந்த பத்திரங்கள் உதவவில்லை. இலங்கையில் வேறு மாதிரி நடந்தது. அருணாசலம் செட்டியார் என்பவரின் மகன் 1934இலும் அவரே 1938இலும் இறக்க, இலங்கை அரசு மரணவரி கேட்டது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்துக்கு அங்கே விலக்கு உண்டு. ஆண்பிள்ளை ஒருவர் மட்டும் மிஞ்சிய குடும்பம் கூட்டுக் குடும்பமா என்பதுதான் வழக்கு. கூட்டுக் குடும்பம்தான், வீட்டுப் பெண்களும் அதன் உறுப்பினர்களே என்று 1957இல் பிரிவி கவுன்சில் சொன்னது. அந்தத் தீர்ப்பை இந்திய உச்ச நீதிமன்றமும் பின்னால் எடுத்துக்கொண்டது.

பங்கு இவ்வளவு என்று தெரிந்துவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்யலாம்? விற்கலாம். பங்குதாரர் தன் பங்கை விற்க மற்றவர்களின் சம்மதம் தேவையில்லை. ஆனால் "வளவின் கீழ்ப்புறம் மூன்றாவது அறை" என்று செக்குபந்தி போட்டு விற்க முடியாது. அப்படி எழுதினாலும் வாங்கியவருக்குக் கிடைப்பது பாகம் கேட்டு வழக்குப் போடும் உரிமைதான். விற்ற பங்காளிக்கு அந்த அறை பாகத்தில் விழுந்தால் அவருக்கு அதிர்ஷ்டம். சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 44ஆம் பிரிவு இன்னும் ஒரு கதவைச் சாத்துகிறது. பிரிபடாத குடும்பத்தின் வசிப்பு வீட்டில் வெளியார் பங்கு வாங்கினால், அவர் உள்ளே வந்து குடும்பத்தாரோடு சேர்ந்து குடியிருக்க உரிமை கிடையாது. உச்ச நீதிமன்றம் 1990இல் தோராப் கவாஸ்ஜி வார்டன் வழக்கில் அப்படி வாங்கியவரை இடைக்காலத் தடையால் வெளியே நிறுத்தியது.

வெளியார் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893ஆம் வருஷத்துப் பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4ஆம் பிரிவு குடும்பத்தாருக்கு ஓர் ஆயுதம் தருகிறது: நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். இதற்கு முந்திய கட்டத்தில் வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு. தந்தை இறந்து முதல் வகுப்பு வாரிசுகளுக்குச் சொத்து வந்தபின் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால், உடன் வாரிசுகளுக்கு வாங்கும் முன்னுரிமை உண்டு. இந்த மூன்று பிரிவுகளையும் சேர்த்துப் படிக்கும் மாணவரைத் தேர்வுத் தாள்களில் நான் பார்த்தது அபூர்வம். தனித்தனிச் சட்டங்களில், தனித்தனிப் பருவங்களில் நடத்தப்படுவதால் வந்த வினை அது. ஒரு பழைய வீட்டைக் காப்பாற்றச் சட்டம் வைத்திருக்கும் கருவி இந்த மூன்றும் சேர்ந்ததுதான்.

காப்பாற்றவே முடியாது, விற்றுப் பணமாகப் பிரிக்கலாம் என்றால் அதே 1893ஆம் வருஷத்துச் சட்டத்தின் 2ஆம் பிரிவு. வீட்டை நியாயமாகக் கூறுபோட முடியாது என்று நீதிமன்றம் கருதினால் விற்கச் சொல்லலாம். ஆனால் தனியாகவோ சேர்ந்தோ பாதிப் பங்குக்குக் குறையாதவர்கள் அதைக் கேட்க வேண்டும். மற்றவர்கள் 3ஆம் பிரிவின்படி மதிப்பிட்ட விலைக்குத் தாங்களே வாங்க முன்வரலாம். 1/24, 1/48 என்று சிதறிய வீட்டில் பாதிப் பங்கைத் திரட்டுவது தேர்தலில் நிற்பதற்குச் சமம். நான்கு கண்டங்களில் வாக்குக் கேட்க வேண்டும்.

பத்திரங்களுக்கு வருவோம். அசையாச் சொத்தில் விற்க ஒப்பந்தம் எழுதியதால் மட்டும் எந்த உரிமையும் பிறக்காது என்கிறது சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 54ஆம் பிரிவு. பொது அதிகாரப் பத்திரம் எழுதி, பணத்தை வாங்கிக்கொண்டு, உயிலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால் கிரயம் ஆகிவிடும் என்ற நம்பிக்கையை 2011இல் சூரஜ் லாம்ப் தீர்ப்பு உடைத்தது. வெளிநாட்டிலிருக்கும் பங்காளிகள் ஊரிலிருக்கும் ஒருவருக்குப் பவர் எழுதி அனுப்பும் வழக்கம் உள்ள செட்டிநாட்டுக்கு இது முக்கியம். பவர் பெற்றவர் முகவர் மட்டுமே. தானம் என்றால் 123ஆம் பிரிவின்படி பதிவும் இரண்டு சாட்சிகளும் வேண்டும், பெறுபவர் ஏற்கவும் வேண்டும். இவை எல்லாப் புத்தகத்திலும் இருப்பவை, கடந்து போகலாம்.

நின்று பார்க்க வேண்டியது கூர்ச்சீட்டு, அதாவது பாகம் பிரித்த சீட்டு. பாகப்பிரிவினைக்கு எழுத்தே கட்டாயமில்லை. வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டாலும் செல்லும். பிரித்தபின், யாருக்கு எது என்று நினைவுக்காக எழுதிவைக்கும் சீட்டுக்குப் பதிவு தேவையில்லை. ஆனால் எழுதும் சீட்டாலேயே பிரிவினை நடக்கிறது என்றால், 1908ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின் 17ஆம் பிரிவின்படி அதைப் பதிவு செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் 49ஆம் பிரிவு அதைச் சாட்சியத்திலிருந்து தள்ளிவிடும். குடும்ப ஏற்பாடுகளைப் பற்றி 1976இல் காலே வழக்கும், பிரிவினைக் குறிப்பைப் பற்றி 1988இல் ரோஷன் சிங் வழக்கும் இந்தக் கோட்டைப் போட்டுத் தந்தன. "பிரித்துக்கொண்டோம்" என்று எழுதியிருக்கிறதா, "இதன்மூலம் பிரித்துக்கொள்கிறோம்" என்று எழுதியிருக்கிறதா என்பதில் ஒரு வீடு நிற்கலாம், விழலாம். பெண் பங்குதாரர்களின் உரிமைக்கு எதிராக என்றால் இந்தக் கோடும் உதவாது. 2005ஆம் வருஷத்துச் சட்டம் பதிவான பத்திரத்தையும் தீர்ப்பாணையையும் மட்டுமே பிரிவினையாக மதிக்கிறது.

பதிவு செய்தாலும் உரிமை உறுதியாகிவிடாது. பதிவாளர் நீதிபதி அல்ல. தமிழ்நாட்டின் பதிவு விதிகளில் 55அ(1) விற்பவர் முந்தைய மூல ஆவணத்தைக் காட்டாவிட்டால் பதிவை மறுக்கச் சொன்னது. உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் கே. கோபி வழக்கில் அந்த விதியை ரத்து செய்தது. உரிமையைச் சோதிக்கும் அதிகாரத்தைத் தாய்ச்சட்டம் பதிவாளருக்குத் தரவில்லை என்பதே காரணம். எனவே வில்லங்கச் சான்றில் ஒரு கிரயம் ஏறியிருப்பதைப் பார்த்து மாணவர் மயங்கக் கூடாது. ஏறாதிருப்பதைப் பார்த்தும் நிம்மதி கொள்ளக் கூடாது. 1950இல் இறந்த ஒருவரின் விதவைக்கு வந்த 1/9 எந்த வில்லங்கச் சான்றிலும் வராது.

செலவையும் சொல்லிவிட வேண்டும். வெளியாருக்குக் கிரயம் என்றால் முத்திரைக் கட்டணம் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட், விடுதலை, பாகப்பிரிவினை என்றால் 1 சதவீதம். 2023இல் உயர்த்தியபின் முத்திரைக் கட்டணத்துக்கு உச்சம் 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்துக்கு 10,000 ரூபாய். ஆனால் சட்டம் குடும்பம் என்பதற்குத் தரும் விளக்கத்துக்குள் எல்லாப் பங்காளியும் அடங்குவதில்லை. அண்ணன் தம்பிகளாக இருக்கும்போது ஆயிரங்களில் முடிந்திருக்கக்கூடிய வேலை, பேரன்கள் காலத்தில் லட்சங்களுக்குப் போவது இப்படித்தான்.

காலம் உரிமையை அழிக்கும் என்பதும் அடிப்படை விதி. 1963ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டத்தின்படி, பன்னிரண்டு வருஷம் ஒருவர் வெளிப்படையாக, உரியவருக்கு எதிராக அனுபவித்தால், உரியவரின் உரிமையே 27ஆம் பிரிவால் அணைந்துவிடும். 2019இல் ரவீந்தர் கவுர் கிரேவால் தீர்ப்பு, அப்படி அனுபவித்தவர் தாமே வாதியாக வந்து உரிமை கேட்கலாம் என்றும் சொன்னது. பூட்டிய வீடுகளின் ஊரில் இது கேட்டவுடன் வயிற்றைக் கலக்கும். ஆனால் இரண்டு தடுப்புகள் இருக்கின்றன. பங்காளி ஒருவர் மட்டும் முப்பது வருஷம் குடியிருந்தாலும் அது எல்லோருக்காகவும் இருந்ததாகவே கொள்ளப்படும். மற்றவர்களின் உரிமையை அவர் பகிரங்கமாக மறுத்து வெளியேற்றியது நிரூபணமாக வேண்டும் என்று 1957இலேயே லட்சுமி ரெட்டி வழக்கு சொல்லிவிட்டது. அடுத்து, வீட்டைப் பார்த்துக்கொள்ள வைத்தவர். அவர் எத்தனை வருஷம் இருந்தாலும் உரிமையாளருக்காக இருப்பவர். அவருக்குச் சொத்தில் எந்த உரிமையும் வராது என்று 2012இல் கோவாவிலிருந்து வந்த மரியா மார்கரிடா வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. காவலுக்கு இருப்பவருக்கு எழுத்தில் ஒரு வரியும் மாதச் சம்பளத்துக்கு ரசீதும் இருந்தால் இந்த விதி சீக்கிரம் வேலை செய்யும். இல்லாவிட்டால் அவர் வாடகைதாரர் என்று சொல்லுவார், வேறு வழக்கு தொடங்கும்.

"இந்த வீட்டை எக்காலத்திலும் விற்கவோ பிரிக்கவோ கூடாது, பொதுவிலேயே இருக்க வேண்டும்" என்று எழுதிவைப்பதில் செட்டிநாட்டுப் பெரியவர்களுக்கு ஆசை அதிகம். ஆசை நியாயமானது, சட்டம் ஏற்காது. மாற்றித் தருவதை முழுக்கத் தடுக்கும் நிபந்தனை சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 10ஆம் பிரிவின்படி செல்லாது. பிறக்காத தலைமுறைகளைத் தாண்டிச் சொத்தைக் கட்டிவைப்பதை 14ஆம் பிரிவு மறுக்கிறது. முன்னோருக்குப் படைக்கும் வீடு என்று அறக்கட்டளையாக்கலாமே என்றால் அங்கும் இடறும். தமிழ்நாட்டிலிருந்து போன சரஸ்வதி அம்மாள் வழக்கில், கணவரின் சமாதியில் பூஜைக்காக நிரந்தரமாக எழுதிவைத்த சொத்தைச் சமய தர்மமாக ஏற்க முடியாது என்று 1953இல் உச்ச நீதிமன்றம் தள்ளியது. சட்டம் ஏற்கும் சமய தர்மத்துக்கும் பொது தர்மத்துக்கும் மட்டும்தான் நிரந்தரம் உண்டு. இறந்தவர் கை இருப்பவர் சொத்தை எவ்வளவு தூரம் பிடித்துவைக்கலாம் என்ற கேள்விக்கு நம் சட்டத்தின் விடை கடுமையானது. அது சரியான விடை என்றுதான் நான் நினைக்கிறேன்.

கடைசியில் பாக வழக்கு. இதற்கு வாசல் அகலம். பங்குதாரர் சிங்கப்பூரில் இருந்தாலும் வீட்டில் கூட்டு அனுபவத்தில் இருப்பதாகவே சட்டம் கொள்ளும்; ஆகவே குறைந்த கட்டணத்தில் வழக்குப் போடலாம் என்று 1980இல் நீலாவதி வழக்கில், தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தின் 37ஆம் பிரிவை வைத்தே உச்ச நீதிமன்றம் சொன்னது. உள்ளே போனபின்தான் அவதி. முதலில் பங்குகளை அறிவிக்கும் முதனிலைத் தீர்ப்பாணை. பிறகு ஆணையர் வந்து அளந்து, இறுதித் தீர்ப்பாணை. இரண்டுக்கும் நடுவே ஒரு தலைமுறை ஓடிவிடும். இறந்தவர்களுக்குப் பதில் வாரிசுகளைச் சேர்க்க மனு, அந்த வாரிசுகளில் ஒருவருக்கு முகவரி தெரியவில்லை, விளம்பரம். 2009இல் சுப் கரண் புப்னா வழக்கில் உச்ச நீதிமன்றமே இந்தத் தாமதத்தைக் கடிந்துகொண்டது; 2022இல் கட்டுக்கண்டி வழக்கில், முதனிலைத் தீர்ப்பாணை தந்த நீதிமன்றம் தனி மனுவுக்குக் காத்திராமல் தானே இறுதிக் கட்டத்துக்குப் போக வேண்டும் என்றது. வழக்கு நடக்கும்போது யாராவது பங்கை விற்றால், சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 52ஆம் பிரிவின்படி வாங்கியவரும் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டவர். ஆனால் ஓடு விழுவதையும் மழைத்தண்ணீர் இறங்குவதையும் 52ஆம் பிரிவு தடுக்காது.

அரியக்குடியிலோ பக்கத்து ஊரிலோ உங்களுக்கு ஒரு பங்கு இருந்தால், வழக்குக்கு முன் செய்யக்கூடியது இதுதான். குடும்பத்தில் யார் எந்த வருஷம் இறந்தார், யார் யாரை விட்டு இறந்தார் என்று தெரிந்த ஆச்சி ஒருவராவது இன்னும் இருப்பார். அவர் வாய் கேட்டு வம்சாவளியை எழுதுங்கள்; கல்யாணமாகிப் போன பெண்களையும், தத்தாகப் பிள்ளை கூட்டிக்கொண்டு போன பையன்களையும் விடாதீர்கள். இறப்புச் சான்றையும் வாரிசுச் சான்றையும் சேர்த்து வைத்து, பழைய கூர்ச்சீட்டு இருந்தால் அதில் பெயர் வராத பெண்களையும் அழைத்து உட்கார வைத்து, ஒப்புக்கொண்டதைப் பாகப்பிரிவினைப் பத்திரமாக எழுதிப் பதிவு செய்துவிடுங்கள். இந்த வருஷமே செய்யுங்கள்.